‘எஃப்.ஓ.பி. நாகர்கோவில்’: முழு மதிப்பெண் வாங்கிய ஒரு பிழை

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இளங்கலை வணிகவியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஏற்றுமதி இறக்குமதி நடைமுறைகள் பாடத்தை நடத்துகிறேன். கருங்கல், குலசேகரம், குளச்சல், ஈத்தாமொழி பக்கத்துப் பிள்ளைகள். பாதிப் பேர் வீடுகளில் யாரோ ஒருவர் முந்திரி ஆலையிலோ கயிற்றுத் தொழிலிலோ ரப்பர் தோட்டத்திலோ வேலை செய்கிறார். கடல் கடந்து போகும் சரக்கு இவர்களுக்குப் புதிதல்ல. அந்தச் சரக்கின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் புதிது.

அந்தப் பாடத்தில் ஒரு பகுதி இன்கோடெர்ம்ஸ். பாரிஸில் தலைமையகம் உள்ள சர்வதேச வணிகச் சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்ட விதிகள் இவை. விற்பவர் எந்த இடம் வரை செலவு செய்ய வேண்டும், எந்த இடத்தில் நட்டப் பொறுப்பு வாங்குபவர் கைக்கு மாறுகிறது, சுங்க வேலையை யார் முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் மூன்றெழுத்துக் குறிகளில் அடக்கி வைத்திருக்கிறார்கள். சரக்கின் உடைமை எப்போது மாறுகிறது, பணம் எப்போது வர வேண்டும் என்பவை இவற்றுக்குள் வராது. இப்போது நடப்பில் இருப்பது 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் 11 குறிகள்: ஏழு எவ்வகைப் போக்குவரத்துக்கும் பொருந்தும், நான்கு கப்பலுக்கு மட்டும். தலைப்பில் உள்ள எஃப்.ஓ.பி. (ஃப்ரீ ஆன் போர்டு, கப்பலில் ஏற்றிக் கொடுப்பது) அந்த நான்கில் ஒன்று.

பல ஆண்டுகளாக இதை நான் ஒரே விதமாகத்தான் நடத்தி வந்தேன். கரும்பலகையில் பெரிய அட்டவணை. இடப்பக்கம் 11 குறிகள், மேலே லாரி வாடகை, துறைமுகக் கட்டணம், கப்பல் கூலி, இன்சூரன்ஸ். விற்பவர் கட்ட வேண்டியதற்கு ஒரு நிறச் சாக்பீஸ், வாங்குபவருக்கு வேறொரு நிறம். பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டு, தேர்விலும் அப்படியே வரைந்தார்கள். நன்றாக மதிப்பெண் வந்தது. பாடம் சேர்ந்துவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

தொலைபேசி அழைப்பு

2025 ஜூலையில் ஒரு மாலை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்துச் சென்ற மாணவி அழைத்தார். மாவட்டத்திலேயே ஒரு சிறிய முந்திரிப் பருப்பு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஐரோப்பாவிலிருந்து ஒருவர் விலை கேட்டிருக்கிறார். இந்த மாணவிதான் புரோஃபார்மா இன்வாய்ஸ் (விற்பனைக்கு முன் அனுப்பும் விலைச்சீட்டு) தயாரித்தார். விலைக்குப் பக்கத்தில் ‘எஃப்.ஓ.பி. நாகர்கோவில்’ என்று எழுதினார். முதலாளி கையெழுத்துப் போட்டார். வாங்குபவரும் ஒப்புக்கொண்டார். சரக்கு போய்ச் சேர்ந்தது.

பணம் வந்தபோது குறைத்து வந்தது. நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடிக்கு லாரி வாடகை, சரக்குப் பெட்டக நிலையக் கட்டணம், துறைமுகத்தில் கன்டெய்னரைக் கையாளும் கட்டணம் ஆகியவற்றை வாங்குபவரின் ஏஜென்ட் முதலில் கட்டியிருந்தார். வாங்குபவர் அதை இன்வாய்ஸ் தொகையில் கழித்துக்கொண்டார். எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏற்றும் வரை எல்லாச் செலவும் விற்பவருடையது என்பது அவர் வாதம். நாங்கள் நாகர்கோவில் என்றுதானே எழுதினோம், எங்கள் விலை நாகர்கோவில் கிடங்கோடு முடிந்தது என்பது முதலாளியின் வாதம். ஒரே வரியை வைத்துக்கொண்டு இருவரும் பேசினார்கள். நாகர்கோவிலில் துறைமுகம் இல்லை. ஆகவே அந்த வரிக்கு முழுமையான பொருளே கிடையாது.

மாணவி என்னைக் குறை சொல்லவில்லை. “சார், குறிக்குப் பக்கத்தில் இடத்தின் பெயரை எழுத வேண்டும் என்று சொல்லித் தந்தீர்கள். அதனால்தான் எங்கள் ஊரை எழுதினேன்” என்றார். பிறகு, குரல் இறங்கி, “அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேனே சார்” என்றார்.

மறுநாள் துறை அலமாரியில் பழைய உள்தேர்வு விடைத்தாள்களைத் தேடினேன். அவருடையது கிடைத்தது. எஃப்.ஓ.பி. என்ற வரிக்கு எதிரே ‘குறிப்பிட்ட இடம்’ என்று எழுதியிருந்தார். விதி சொல்வது ‘குறிப்பிட்ட ஏற்றுமதித் துறைமுகம்’. அந்த வரியின் மேல் என் சிவப்பு மையில் சரி என்ற குறி. பத்துக்குப் பத்து. அந்தப் பிழையை வகுப்பிலேயே திருத்தியிருக்க வேண்டியவன் நான்.

கவனித்தவை

அப்போது வகுப்பில் இருந்த இறுதியாண்டு மாணவர்களுக்கும் இதே பகுதியை முடித்துத் தேர்வும் வைத்திருந்தேன். வழக்கம்போல நல்ல மதிப்பெண். அவர்களிடம் அறிவிப்பில்லாமல் ஒரு தாளைக் கொடுத்தேன். மூன்றே கேள்விகள், மூன்றிலும் ஒரே கேள்வி: நட்டம் யார் தலையில்?

முதலாவது: ‘எக்ஸ் ஒர்க்ஸ் மார்த்தாண்டம்’ (ஆலையிலேயே ஒப்படைப்பது) என்று விற்ற சரக்கு லாரியோடு ஆரல்வாய்மொழியில் கவிழ்கிறது. இரண்டாவது: ‘எஃப்.ஓ.பி. தூத்துக்குடி’ என்று விற்ற சரக்கு துறைமுக வளாகத்துக்குள் போய்விட்டது, இன்னும் கப்பல் ஏறவில்லை, மழைவெள்ளம் புகுந்து நனைகிறது. (2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் என்பதால் இதைச் சேர்த்தேன்.) மூன்றாவது: ‘சி.ஐ.எஃப். ஹாம்பர்க்’ (ஹாம்பர்க் வரை கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் விலைக்குள் சேர்ந்தது) என்று விற்ற சரக்கு கொழும்பில் கப்பல் மாறி, நடுக்கடலில் தீப்பிடிக்கிறது.

முதல் கேள்வியைப் பெரும்பாலோர் சரியாக எழுதினார்கள்: வாங்குபவர். இரண்டாவதற்குப் பலர் வாங்குபவர் என்றே எழுதினார்கள். ‘துறைமுகத்தில் ஒப்படைத்தாயிற்று’ என்பது காரணம். சரியான விடை விற்பவர். சரக்கு கப்பலில் ஏறிய பிறகுதான் பொறுப்பு மாறும். மூன்றாவதற்கு ஏறக்குறைய வகுப்பு முழுவதும் விற்பவர் என்று எழுதியது. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் கட்டுபவர் அவர்தானே என்றார்கள். உண்மையில் சி.ஐ.எஃப்.-இல் சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறிய நொடியிலேயே நட்டப் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடுகிறது. ஹாம்பர்க் வரை போவது செலவு மட்டும்.

மதிப்பெண் போடாமல் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். இரண்டு வகுப்பு நேரம் அதற்கே போயிற்று. அந்த நேரம் வீணாகவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

என் அட்டவணைதான் முதல் காரணம். அது செலவை மட்டும் காட்டியது. நட்டப் பொறுப்பு மாறும் புள்ளி அதில் தனிக் கோடாக இல்லவே இல்லை. செலவு எங்கே முடிகிறதோ அங்கேதான் பொறுப்பும் முடியும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. எஃப்.ஓ.பி.யில் அது உண்மை. சி.ஐ.எஃப்., சி.எஃப்.ஆர். (இன்சூரன்ஸ் இல்லாமல் கப்பல் கூலி மட்டும் சேர்ந்தது) போன்றவற்றில் பொய்.

இரண்டாவதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு மாணவர் தன் நோட்டில் எஃப்.ஓ.பி.க்கு ‘கப்பலில் இலவசம்’ என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். ஃப்ரீ என்ற சொல்லை இலவசம் என்று கொண்டுவிட்டார். விசாரித்தால் இன்னும் பலர் மனத்தில் அதுவே இருந்தது. கப்பல் கூலியை விற்பவர் இலவசமாகத் தருகிறார் போலிருக்கிறது என்று ஒருவர், கப்பலில் ஏற்றியதும் சரக்கே இலவசம் போலிருக்கிறது என்று இன்னொருவர். அந்தச் சொல் இங்கே சொல்வது வேறு. கப்பலில் ஏற்றுவது வரையிலான செலவும் பொறுப்பும் விற்பவருடையது, அதுவரை வாங்குபவர் தலையில் எதுவும் விழாது என்பதுதான் பொருள். இதை ஒரு முறைகூடத் தமிழில் நான் விளக்கியதில்லை. ஆங்கிலத்தில் விரித்து எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

மூன்றாவது, பழைய புத்தகம். நூலகத்தில் பிள்ளைகள் புரட்டிய நூலில் 13 குறிகள் இருந்தன. அது 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின் கணக்கு. எஃப்.ஓ.பி.யில் கப்பலின் பக்கவாட்டுக் கம்பியைத் தாண்டும்போது பொறுப்பு மாறும் என்றும் அதில் போட்டிருந்தது. 2010-இல் அதை எடுத்துவிட்டு, கப்பலின் மேல் வைக்கப்பட்ட பிறகு என்று மாற்றிவிட்டார்கள். சேருமிடத்தில் இறக்கிக் கொடுப்பதற்காக 2010-இல் வந்த டி.ஏ.டி. என்ற குறியும் 2020-இல் போய், அந்த இடத்தில் டி.பி.யு. வந்தது. மூன்று பதிப்புகளும் கலந்து ஒரு விடைத்தாளில் வந்தால், திருத்துபவருக்கும் எளிதில் பிடிபடாது.

எடுத்த முடிவுகள்

பாடத்தை முதலிலிருந்து மீண்டும் நடத்துவது என்று தீர்மானித்தேன். பாடத்திட்டம் முடிக்க நேரம் குறையும் என்று துறையில் ஆட்சேபம் வந்தது. நியாயமான ஆட்சேபம்தான். இருந்தும், இந்தப் பிள்ளைகளில் சிலர் அடுத்த ஆண்டு இதே மாவட்டத்தில் யாரோ ஒருவருடைய இன்வாய்ஸில் மூன்றெழுத்து எழுதப் போகிறார்கள் என்பதைச் சொல்லி அனுமதி வாங்கினேன்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அழைத்துப் போகத்தான் விரும்பினேன். நுழைவு அனுமதி வாங்கி வகுப்பு முழுவதையும் கூட்டிப் போகும் வாய்ப்பு அந்தப் பருவத்தில் அமையவில்லை. அதற்குப் பதிலாக வழியையே கல்லூரிக்குக் கொண்டுவந்தோம்.

11 குறிகளையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை என்பது அடுத்த முடிவு. எக்ஸ் ஒர்க்ஸ், எஃப்.சி.ஏ. (குறித்த இடத்தில், ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம் ஒப்படைப்பது), எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். நான்கை மட்டும் ஆழமாக எடுப்பது. நம் ஊர் ஏற்றுமதியாளர் அன்றாடம் பார்ப்பவையும் பார்க்க வேண்டியவையும் இவையே. ‘அபாயம்’ என்ற பாடநூல் சொல்லையும் ஒதுக்கி வைத்து, ‘நட்டம் யார் தலையில்’ என்றே கேட்டேன். எழுதும்போது இடத்தின் முழுப் பெயரும் ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்ற பதிப்பும் இல்லாவிட்டால் அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தாழ்வாரத்தில் ஒரு கப்பல் பயணம்

வணிகவியல் துறைக்கு முன்னால் நீண்ட தாழ்வாரம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாக்பீஸால் கோடு போட்டோம். கோட்டின் மேல் வட்டங்கள்: மார்த்தாண்டம் ஆலை, நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, திருநெல்வேலி, தூத்துக்குடிச் சரக்குப் பெட்டக நிலையம், துறைமுகம், கப்பல், கொழும்பு, பெரிய கப்பல், ஹாம்பர்க், வாங்குபவர் கிடங்கு. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மாணவர்.

ஒரு மாணவியின் அம்மா முந்திரி ஆலையில் பருப்பு தரம் பிரிப்பவர். அவர் மூலம் ஒரு காலி ஏற்றுமதி அட்டைப்பெட்டி வந்தது. முந்திரிப் பருப்புப் பெட்டி 50 பவுண்டு, அதாவது 22.68 கிலோ. 20 அடி கன்டெய்னரில் இத்தகைய 700 பெட்டிகள் அடுக்குவது வழக்கம். பெட்டிக்குள் மணல் மூட்டையைத் திணித்து அதே எடைக்குக் கொண்டுவந்தோம். வெறும் பெட்டியாக இருந்திருந்தால் விளையாட்டாகப் போயிருக்கும். 22 கிலோவைக் கையில் ஏந்தியபடி அடுத்தவர் வாங்கக் காத்து நிற்கும்போது, இது இப்போது யாருடையது என்பதைக் கையே கேட்டுவிடுகிறது.

பெட்டியோடு ஒரு சுருக்குப்பை. அது செலவு. எக்ஸ் ஒர்க்ஸில் பெட்டியும் பையும் மார்த்தாண்டத்திலேயே கைமாறின. லாரியில் ஏற்றுவதுகூட விற்பவர் கடமையில்லை. ஏற்றுமதிச் சுங்க வேலையும் வாங்குபவர் தலையில் விழுகிறது. இந்தியாவில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் இல்லாத வெளிநாட்டவர் அதைத் தம் பெயரில் எப்படிச் செய்வார் என்று ஒரு மாணவர் கேட்டார். அந்தக் குறியின் பலவீனமே அதுதான் என்றேன். எஃப்.ஓ.பி.யில் பெட்டியும் பையும் கப்பல் வட்டம் வரை வந்து, அங்கே சேர்ந்தே மாறின.

சி.ஐ.எஃப். வந்தது. பெட்டி கப்பல் வட்டத்தில் வாங்குபவராக நின்ற மாணவரிடம் போனது. பை போகவில்லை. விற்பவராக நின்ற மாணவி பையை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே ஹாம்பர்க் வட்டம் வரை நடந்தார். நடந்தபடியே திரும்பிப் பார்த்து, “சார், பெட்டி அவன் கையில், காசு மட்டும் என் கையிலா?” என்றார். வரிசையில் யாரும் பேசவில்லை. அட்டவணையால் பல ஆண்டுகளாக எனக்குச் சொல்ல முடியாததை அந்தக் கேள்வி சொல்லிவிட்டது.

குளச்சல் மீனவர் குடும்பத்து மாணவர் ஒருவர் விடவில்லை. “நடுக்கடலில் போனால் வாங்கினவனுக்குத்தான் நட்டம் என்றால், அவன் எதை நம்பி ஒத்துக்கொள்வான்?” அதற்குத்தான் மூன்றாவது பொருளாக ஒரு குடை வைத்திருந்தேன். இன்சூரன்ஸ். சி.ஐ.எஃப்.-இல் குடையை விற்பவர் காசு கொடுத்து வாங்கி, வாங்குபவர் கையில் தருகிறார். ஒப்பந்த விலையில் குறைந்தது 110 சதவீதத்துக்கு எடுக்க வேண்டும். ஆனால் விதி கட்டாயப்படுத்துவது, சரக்கு இன்சூரன்ஸுக்கான இன்ஸ்டிட்யூட் சரக்கு விதிகளில் ‘சி’ என்ற மிகக் குறைந்த காப்பை மட்டும். தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் போன்றவற்றுக்குப் பணம் வரும். திருட்டுக்கும் மழையில் நனைந்ததற்கும் வராது. வாங்குபவருக்கு அதிகக் காப்பு வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் கேட்டு எழுத வேண்டும். எவ்வகைப் போக்குவரத்துக்கும் பொருந்தும் சி.ஐ.பி. என்ற இன்னொரு குறியில் 2020 பதிப்பு ‘ஏ’ என்ற விரிந்த காப்பையே கேட்கிறது.

அந்த மாணவரே பிறகு ‘எஃப்.ஓ.பி. குளச்சல்’ என்று எழுதலாமா என்றும் கேட்டார். மிளகு வணிகத்தைத் தேடி வந்த டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர்ப் படை 1741-இல் தோற்கடித்த கரை அது. கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. கன்டெய்னர் கப்பல் அங்கே வருவதில்லை என்பதைச் சொல்லி, கப்பல் வராத இடத்தின் பெயரை எஃப்.ஓ.பி.க்குப் பக்கத்தில் எழுதக்கூடாது என்பதை அவரையே வகுப்புக்குச் சொல்ல வைத்தேன்.

ஏஜென்ட் வந்த மதியம்

தூத்துக்குடியில் சுங்க முகவராக இருக்கும் ஒருவர் ஒரு மதியம் வந்து பேசினார். அவர் தெளிவாக்கியவற்றில் இரண்டைக் குறிப்பிட வேண்டும்.

கன்டெய்னர் நிலையத்துக்குள் போன பிறகு கப்பலில் ஏறும் வரை விற்பவருக்கு அதன்மேல் கை கிடையாது, பொறுப்பு மட்டும் உண்டு என்றார் அவர். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது, எஃப்.சி.ஏ. நல்லது என்று விதிகளே சொல்வதன் காரணம் இந்த இடைவெளிதான். எஃப்.சி.ஏ.யில் சரக்கை வாங்குபவரின் கேரியரிடம் (ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம்) குறித்த இடத்தில் ஒப்படைத்ததும் பொறுப்பு நீங்குகிறது. அப்படியும் எல்லாரும் எஃப்.ஓ.பி. என்றே எழுதுவது ஏன் என்று மாணவர்கள் கேட்டார்கள். எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) கொடுத்த வங்கி, கப்பலில் ஏற்றியாயிற்று என்று பதிந்த பில் ஆஃப் லேடிங்கை, அதாவது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதைக் கேட்கும், அது இல்லாமல் பணம் நகராது என்றார். அதற்காகவே 2020 பதிப்பின் எஃப்.சி.ஏ.யில், அத்தகைய பில்லை விற்பவருக்குத் தரும்படி வாங்குபவர் கேரியரிடம் சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். பழக்கம் இன்னும் மாறவில்லை.

இன்னொன்று, ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் வரும் ‘எஃப்.ஓ.பி. மதிப்பு’. சி.ஐ.எஃப். என்று விற்ற சரக்குக்கும் சுங்கத்துறை அந்த மதிப்பைக் கேட்கும். அது கணக்குக்கான மதிப்பு. ஒப்பந்த நிபந்தனை அன்று. அலுவலகங்களில் எஃப்.ஓ.பி. என்ற சொல் எங்கும் புழங்குவதால், பழகிய கை எல்லா இன்வாய்ஸிலும் அதையே எழுதிவிடுகிறது. எங்கள் முன்னாள் மாணவியின் முதலாளியும் அப்படிப் பழகியவர்தான்.

பின்விளைவு

மூன்று வாரம் கழித்து வேறு ஊர்கள், வேறு சரக்குகள் வைத்து அதே வகைத் தாளைக் கொடுத்தேன். நட்டம் யார் தலையில் என்பதைப் பெரும்பாலோர் சரியாக எழுதினார்கள். பலருடைய தாளின் ஓரத்தில் பெட்டியும் பையும் வரைந்திருந்தது. சேருமிடத் துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்கும் கட்டணம் சி.ஐ.எஃப்.-இல் யாருடையது என்ற கேள்வியில் மட்டும் தடுமாறினார்கள். கப்பல் கூலி ஒப்பந்தத்தில் அது சேர்ந்திருந்தால் விற்பவர், இல்லாவிட்டால் வாங்குபவர். தாழ்வாரத்தில் அதற்கு நான் ஒரு வட்டம் போடவே இல்லை.

பல்கலைக்கழகத் தேர்வில் வந்த கேள்வி வழக்கமானது: எல்லாக் குறிகளையும் விளக்குக. நான்கை நன்றாகவும் மற்ற ஏழை மேலோட்டமாகவும் எழுதிய சிலர் மதிப்பெண் இழந்தார்கள். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி நேரில் வந்து, “பழைய மாதிரியே நடத்தியிருந்தால் எனக்குக் கூடுதலாக வந்திருக்கும் சார்” என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த இழப்பு என் முடிவால் வந்தது.

முன்னாள் மாணவியின் தகராறு, கழித்த தொகையைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதில் முடிந்தது. அவர் வேலையில் தொடர்கிறார். அடுத்த ஒப்பந்தத்துக்கு அவர் எஃப்.சி.ஏ.யை முன்வைத்தார். வாங்குபவர் தம் வங்கி எஃப்.ஓ.பி. என்றே கேட்பதாகச் சொன்னதால் ‘எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020’ என்று முடிவானது. இந்த முறை லாரி வாடகையும் துறைமுகக் கட்டணமும் விலைக்குள் ஏறின. ஆலையிலிருந்து கப்பல் ஏறும் வரைக்கு நிறுவனம் தனியாக இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டது. இந்த இரண்டாவது யோசனை அவருடையது.

அடுத்த முறை மாற்றப்போவது

வரும் ஆண்டு முதல் வகுப்பிலேயே, பெயர்களை மறைத்த அந்தப் புரோஃபார்மா இன்வாய்ஸைக் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் சம்மதித்திருக்கிறார். எஃப்.ஓ.பி.யில் தொடங்காமல் எஃப்.சி.ஏ.யில் தொடங்குவேன். செலவும் பொறுப்பும் ஒரே இடத்தில் மாறும் தெளிவு அதிலும் உண்டு. ஒப்படைக்கும் இடத்தை எழுதியே ஆக வேண்டிய கட்டாயமும் கன்டெய்னருக்கான பொருத்தமும் கூடுதலாக உண்டு. மீதி ஏழு குறிகளுக்கும் தாழ்வாரத்திலேயே இரண்டு வகுப்பு ஒதுக்கியாக வேண்டும், தேர்வுக்காகவும். கோட்டில் சேருமிட இறக்குகூலிக்கு ஒரு வட்டம் கூடும்.

இன்னொரு கோடும் வரைய வேண்டியிருக்கிறது. 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முறையாகத் திறக்கப்பட்டது. அது முதன்மையாகக் கப்பலுக்குக் கப்பல் சரக்கு மாற்றுவதற்கென அமைக்கப்பட்டது. குழித்துறையிலிருந்து வரும் ஒரு மாணவர், தன் ஊருக்குத் தூத்துக்குடியைவிட விழிஞ்ஞம் எவ்வளவோ பக்கம், அங்கே நம் கன்டெய்னரை நேரே ஏற்றும் நாள் வந்தால் எஃப்.ஓ.பி. விலையில் எது குறையும், எது குறையாது என்று கேட்டிருக்கிறார். லாரி வாடகை குறையும், ஆரல்வாய்மொழி வட்டம் போய்விடும் என்று அவரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.